தாழ்ந்த மின்னழுத்தம் உயரும் வகை



கல்வியின் பெருமையை எமக்கு முன் பேசியோர் நிறைவாக எடுத்துரைத்துவிட்டனர். ஆதலின், பள்ளி ஆசிரியராகிய நாம் ஒரு பாடத்தை நடத்திவிட்டு அமர விரும்புகின்றோம்.

1955இல் தோன்றிய என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் திருவொற்றியூரில் செய்த புல்லட் வண்டியை நம்முள் அறியாதார் இலர். அதன் பழைய வண்டிகளில் பாட்டரி 6 வோல்ட்தான். ஆனால் பிளக்கில் பொறி தெறிக்கப் பல ஆயிரம் வோல்ட் வேண்டும். இஃது எங்ஙனம் கிடைத்தது?

ஒரே இரும்பு உள்ளகத்தின்மீது இரு கம்பிச்சுருள்கள். முதற்சுருளில் சில நூறு சுற்றுகள்; இரண்டாவதில் பல்லாயிரம் சுற்றுகள். முதற்சுருளில் மின்னோட்டம் செல்கையில் காந்தப்புலத்தில் ஆற்றல் சேர்கிறது. ‘பாயின்ட்’ திறந்து ஓட்டம் அறுபட்டவுடன் காந்தப்புலம் சரிகிறது. இரண்டாம் சுருளில் பேரழுத்தம் எழுகிறது. 1831இல் பாரடே கண்ட மின்தூண்டல் விதி இதுவே.

இன்று வீட்டுக் கூரைமேல் வைக்கும் சூரியத் தகடு ஒன்று ஏறத்தாழ 30 வோல்ட் நேர்மின்சாரம் தருகிறது எனக் கொள்வோம். வீட்டிற்குரிய 230 வோல்ட் மாறுமின்சாரத்தின் உச்சம் 325 வோல்ட். ஆதலின் முதலில் 390 வோல்ட் அளவிற்கேனும் உயர்த்துதல் நலம். ஒற்றைச் சுருளைக் கொண்டு இதனைச் செய்யின், மின்சாவி ஒவ்வொரு சுழற்சியிலும் நூற்றுக்கு 92 பங்கு நேரம் ஓட்டத்தைத் தாங்கவேண்டும். அந்நிலையில் சுருளின் மின்தடையிலேயே ஆற்றல் வெப்பமாய் வீணாகும். எண்ணிய அழுத்தமும் எய்தாது.

இணைச்சுருள் அமைத்து, இரண்டாவதற்கு முதலாவதைப்போல் ஏழு மடங்கு சுற்று கொடுத்தால், 60 பங்கு நேரமே போதும். கணக்கு எளிது: 7ஐ 0.6ஆல் பெருக்கி 1 கூட்ட 5.2, அதனை 0.4ஆல் வகுக்க 13. முப்பதைப் பதின்மூன்றால் பெருக்க 390. மேலும், மின்சாவியின்மேல் விழுவது 75 வோல்ட் மட்டுமே. விலை குறைந்த டிரான்சிஸ்டரே அதனைத் தாங்கும்.

இதில் இடரும் உண்டு. முதற்சுருளின் காந்தப்புலம் முழுதும் இரண்டாவதைச் சேர்வதில்லை; கசியும் சிறுபகுதி, ஓட்டம் அறுபடும்போது மின்சாவியைத் தாக்கும். புல்லட்டில் பாயின்ட் கருகாமல் காத்தது கண்டென்சர். இங்கும் ஒரு டயோடும் மின்தேக்கியும் அத்தாக்குதலை வாங்கிக்கொள்ளும். ஒன்று மறவாதீர்: அழுத்தம் உயர்ந்தாலும் ஆற்றல் பெருகாது. 30 வோல்ட்டில் 10 ஆம்பியர் 300 வாட். 390 வோல்ட்டில் ஓட்டம் முக்கால் ஆம்பியர் அளவே.

இப்பாடத்தை ஏன் தேர்ந்தோம்? எம்மிடம் எட்டாம் வகுப்புவரை பயின்ற ஒருவர் இராயபுரத்தில் மோட்டார்களுக்குக் காயில் கட்டி வந்தார். எந்த மோட்டாருக்கு எத்தனை சுற்று என்பது அவர் விரல்நுனியில் இருந்தது. ஆலையொன்றில் மேற்பார்வையாளர் பணிக்கான தேர்வில், “ஏன் அத்தனை சுற்று?” என்று வினவினர். அவரால் விடை கூற இயலவில்லை. வேலை பிறர்க்குப் போயிற்று. அவரை எட்டாம் வகுப்போடு போகவிட்ட குறை எம்முடையதுமாகும்.

நம் முன்னோர் துறைமுகத்தில் மூட்டை சுமந்தனர். 1970இல் இயங்கத் தொடங்கி 2017இல் மூடப்பட்ட எண்ணூர் அனல்மின் நிலையத்தின் சாம்பலையும் இப்பகுதி மக்கள் சுவாசித்தனர். உழைப்பு நம்மிடமும் அதன் காரணம் அறிந்த நூலறிவு பிறரிடமுமாக நெடுங்காலம் பிரிந்து கிடந்தது. அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவின் தொழிலாளர் உறுப்பினராயிருந்து மின்சாரத் திட்டத்தையும் கவனித்தார். 1944இல் மத்தியத் தொழில்நுட்ப மின்சார வாரியம் அமைந்தது. மலிவான, நிறைவான மின்சாரமின்றித் தொழில் வளராது, தொழில் வளராமல் வறுமை தீராது என்பது அவர்தம் கொள்கை. சட்ட மேதை மின்சாரத்தைக் கற்றார். நாம் கற்கத் தயங்குவதோ?

காயில் கட்டும் கைகளே, கணக்கையும் கைக்கொள்ளுங்கள்! ஐ.டி.ஐ.யோடு நில்லாது பாலிடெக்னிக்கும், அதற்கு மேலும் செல்லுங்கள். “ஏன்?” என்று கேட்போர்க்கு விடை கூறுவதோடு அமையாது, அவ்வினாவை எழுப்பும் இருக்கையிலும் நம் பிள்ளைகள் அமரவேண்டும். அதுவே இவ்வெள்ளி விழாவின் பயன்.