கை தடுமாறினும் கருத்துத் தடுமாறாது
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது நம் வழக்கம். இன்று ஒரு பொழுது அதனை ஒதுக்கிவிட்டு, நம் காலனி வீடுகளில் தாழ்ந்த குரலில் பேசப்பெறும் ஒரு செய்தியை இந்த அவையின் நடுவே வைக்க விரும்புகிறோம். தலைநகர் தில்லிக்குப் பிழைப்பு நாடி வந்த நாம், பிள்ளைகளின் படிப்பையே பெருஞ்செல்வமாகக் கருதினோம். படிப்பு முடிந்து, பிள்ளை வேலை தேடிப் புறப்படும் போதுதான் சில பெற்றோருக்குப் புதிய கவலை பிறக்கிறது.

அந்தப் பிள்ளை அறிவில் குறைந்தவன் அல்லன். கேட்டதற்கு விடை சொல்வான்; படித்ததை மறவான். ஆயினும் சட்டைப் பொத்தான் போட நேரமாகும். தம்ளரை எடுத்தால் தண்ணீர் சிந்தும். கையெழுத்து அவனுக்கே விளங்காது. நான்கு வேலைகளை ஒருசேரச் சொன்னால் எதை முதலில் செய்வது என்று திகைத்து நிற்பான். வீட்டார் “சோம்பேறி” என்பர், ஆசிரியர் “கவனமில்லை” என்பர், சுற்றத்தார் சிரிப்பர். பெண்ணாயின் சிரிப்போடு நில்லாது, திருமணப் பேச்சும் கலந்துகொள்ளும்.

இந்நிலைக்கு டிஸ்ப்ராக்சியா என்று பெயர். செயலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்தது அது. ஒரு செயலைத் திட்டமிட்டு, வரிசைப்படுத்தி, கைகால்களை இசைவித்துச் செய்து முடிப்பதில் மூளைக்கு ஏற்படும் இடர்ப்பாடு அது. பிறவியிலேயே அமைவது, வளர்ந்தபின் தானே மறைந்துவிடும் என்று பலர் கருதினாலும், பலருக்கு வாழ்நாள் முழுவதும் உடன் வருகிறது. பள்ளிப் பருவக் குழந்தைகளில் நூற்றுக்கு ஐந்து ஆறு பேரிடம் இது காணப்படுவதாக மருத்துவ நூல்கள் மதிப்பிடுகின்றன. ஹாரி பாட்டர் திரைப்படங்களால் உலகறிந்த நடிகர் டேனியல் ராட்கிளிஃப் தமக்கு இது சிறிதளவு உண்டென்பதை 2008-ல் வெளிப்படுத்தினார். எனவே இஃது எவர்க்கும் இழிவன்று.

பெயர் தெரிந்தால் பயன் என்ன என்று சிலர் வினவுவர். பயன் உண்டு. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே ஏற்றிருந்தது. 2016-ல் இயற்றப்பெற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதனை இருபத்தொன்றாக விரித்தது. அவற்றுள் ஒன்று குறிப்பிட்ட கற்றல் குறைபாடு. அதன் விளக்கத்தில் டிஸ்லெக்சியா முதலியவற்றோடு டிஸ்ப்ராக்சியா என்னும் சொல்லையும் சட்டமே எழுதி வைத்திருக்கிறது. நாம் கூசி மறைக்கும் பெயரை நாடாளுமன்றம் வெளிப்படையாக எழுதியிருக்கும்போது, நமக்கு மட்டும் அச்சம் எதற்கு?

இனி வழிமுறைகளைக் காண்போம். முதலாவது, சான்றிதழ். இதற்கெனச் சொந்த ஊருக்கு ரயில் ஏற வேண்டியதில்லை. வசிக்கும் மாவட்டத்து மருத்துவ அதிகாரியிடமே விண்ணப்பிக்கலாம். ஸ்வாவ்லம்பன் இணையத்தளத்தின் வழியே யு.டி.ஐ.டி. அட்டைக்கு மனுச் செய்யலாம். ஓரிடத்துச் சான்று நாடு முழுவதும் செல்லும் என்று சட்டம் கூறுகிறது. அடிக்கடி இடம் மாறும் நம் போன்றோர்க்கு இது பெரும் வசதி. பள்ளிப் பருவத்தில் பெற்ற சான்றை 18 வயதில் மறுமதிப்பீடு செய்ய வேண்டும் என 2018-ல் வெளிவந்த வழிகாட்டி நெறி கூறிற்று. ஆகவே பழைய தாளை நம்பியிருத்தல் கூடாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. மதிப்பீட்டில் படித்தல், எழுதுதல், கணக்கு ஆகியவற்றுக்கே மிகுந்த இடம் உண்டு. கைத்தடுமாற்றத்தை மட்டும் வாயால் சொன்னால் மருத்துவக் குழு மனநிறைவு கொள்ளாமற் போகலாம். பள்ளி நோட்டுப் புத்தகங்கள், ஆசிரியர் எழுதிய குறிப்புகள், ஆக்குபேஷனல் தெரபி அளித்தவரின் அறிக்கை ஆகியவற்றைச் சேர்த்துக்கொண்டு செல்லுதல் நலம். முடிவு பாதகமாயின் மேல்முறையீட்டுக்கு இடமுண்டு.

பெயர்க் குழப்பத்தையும் மறத்தலாகாது. நாமோ தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் இட்டுக்கொள்வோம். வடபுலத்துப் படிவமோ குடும்பப் பெயர் கேட்கும். ஆதாரில் ஒருவிதம், பள்ளிச் சான்றில் ஒருவிதம் என்று பெயர் இருந்தால் விண்ணப்பம் நடுவழியில் நின்றுவிடும். முதலில் அதனைச் செம்மை செய்க.

இரண்டாவது, உத்தியோகம். அரசாங்கப் பணியிடங்களில் நூற்றுக்கு நான்குக்குக் குறையாமல் மாற்றுத்திறனாளிகட்கு ஒதுக்க வேண்டும் என்பது சட்டம். அதில் ஒரு பங்கு, கற்றல் குறைபாடு, ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, மனநோய் ஆகிய பிரிவினர்க்கும் பல்வகைக் குறைபாடு உடையோர்க்கும் பொதுவாக உரியது. இதற்கு நாற்பது விழுக்காட்டுக் குறைபாடு இருத்தல் வேண்டும். எந்தப் பதவி எந்தப் பிரிவினர்க்கு ஏற்றது என்னும் பட்டியலை மத்திய அரசாங்கம் 2021 ஜனவரியில் வெளியிட்டது. பட்டியலைப் பார்த்தபின் விண்ணப்பிப்பதே அறிவுடைமை.

நாற்பது விழுக்காடு எட்டாதவர் மனம் தளர வேண்டியதில்லை. 2021 பிப்ரவரியில், எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் குறையுடைய ஒருவரின் வழக்கில், தேர்வில் எழுத்தர் துணை பெற நாற்பது விழுக்காடு கட்டாயமன்று என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேர்வுக்கு விண்ணப்பிக்கும்போதே அவ்வுதவியைக் கேட்டுவிடுதல் வேண்டும். தேர்வு நாளன்று கேட்டால் கிட்டாது.

தனியார் அலுவலகமாயினும் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிடுதல் சட்டப்படி கடமை. பேட்டிக்கு முன்னரே அதனைக் கேட்டுப் படிக்கலாம். பேட்டிக்குரிய இடத்துக்கு முதல்நாளே ஒருமுறை மெட்ரோவில் போய் வந்தால், மறுநாள் வழி தடுமாறாது. வேலை கிடைத்தபின் கேட்கத் தக்கவை சிறியனவே: கட்டளைகளை வாய்மொழியாக அன்றி எழுத்தில் தருதல், கையால் எழுதுவதற்கு மாற்றாகத் தட்டச்சு, நிலையான ஓர் இருக்கை, முதற் சில வாரங்களுக்குச் சிறிது கூடுதல் அவகாசம். குறையை வெளியிடுவதா, எப்போது வெளியிடுவது என்பதை அவ்விளைஞரே முடிவு செய்தல் வேண்டும். கேளாத உதவி வாராது என்பதை மட்டும் நாம் எடுத்துச் சொல்லலாம்.

மூன்றாவது, உதவித் தொகை. உண்மையை உள்ளவாறே உரைத்தல் நன்று. மத்திய அரசாங்கத்தின் மாத ஓய்வூதியம் எண்பது விழுக்காட்டுக் குறையும் வறுமைக் கோட்டுக்குக் கீழ்ப்பட்ட குடும்பநிலையும் உடையோர்க்கே உரியது. நம் பிள்ளைகளிற் பெரும்பாலோர்க்கு அது கிட்டாது. மாநில உதவிகள் இடத்துக்கிடம் வேறுபடும். ஆதலின் உதவித் தொகையை நம்பிக் காத்திருப்பதைவிட, வேலைக்குரிய சலுகைகளை முழுதும் பயன்படுத்துவதே உறுதியான வழி.

இவை அனைத்தையும் யார் செய்வது? பெற்றோரே விண்ணப்பம் எழுதி, பெற்றோரே தொலைபேசியில் பேசி, பெற்றோரே பேட்டி வாயிலில் நின்றால், பிள்ளை என்றும் பிள்ளையாகவே நின்றுவிடுவான். நமக்குப் பின் அவன் யாரிடம் கேட்பான் என்னும் கேள்வி நம் உறக்கத்தைக் கெடுக்கிறதன்றோ? அதற்கு விடை இன்றே தேட வேண்டும். கொடிக்குக் கொழுகொம்பு வேண்டும். ஆனால் கொம்பு கொடிக்காகப் பூப்பதில்லை. படிவத்தை அவன் நிரப்பட்டும்; நாம் பிழை பார்ப்போம். அலுவலகத்தில் அவன் பேசட்டும். நாம் அருகில் அமர்ந்திருப்போம். மெதுவாக முடித்தாலும் அவன் முடித்ததாகவே இருக்கட்டும்.

சங்கத்திற்கும் கடமையுண்டு. மத்தியச் செயலகத்தில் முப்பது ஆண்டுகள் கோப்புகளோடு வாழ்ந்து ஓய்வு பெற்ற பெரியோர் நம்மிடையே பலர். மனு எழுதும் கலை அவர்கட்குக் கைவந்தது. ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் சங்க நூலகத்தில் அமர்ந்து, வரும் இளைஞர்க்குப் படிவம் பார்த்துத் தரவும், பேட்டிக்குப் பயிற்சி அளிக்கவும் நால்வர் முன்வந்தாற் போதும். தாய்மார்கள் ஒன்று செய்யலாம்: அண்டை வீட்டுப் பிள்ளையைப் பற்றி “இன்னும் வேலை ஆகவில்லையா?” என்று கேட்பதை விடுத்து, “நம் சங்கத்துக்கு அனுப்புங்கள்” என்று கூறுங்கள்.

நூறு கல்லுக்கு அப்பாலிருந்து வந்தவனையும் ஊர்க்காரன் என்று அணைத்துக்கொள்ளும் நாம், நம் வீட்டுப் பிள்ளையைத் தனியே தடுமாற விடலாகாது. அவன் கைக்குத் துணையாக நம் கை நிற்கட்டும்.