கல்லில் இருக்கும் ஆசிரியைகள்

கண்ணகியையும் கோவலனையும் மதுரைவரை அழைத்துச் சென்ற கவுந்தியடிகளை உங்களுக்குத் தெரியும். சமணப் பெண் துறவி. கனகவீரக் குரத்தியாரைத் தெரியுமா? பட்டினிக் குரத்தியடிகளை? இவர்களைப் பற்றிக் காப்பியம் எதுவும் பேசவில்லை. கல்வெட்டுகள் பேசுகின்றன.

ஆண் ஆசானைக் குரவர் என்பதுபோல், சமணத்தில் சமயம் போதித்த பெண் ஆசானைக் குரத்தி என்றார்கள். 8, 9, 10ஆம் நூற்றாண்டுகளில் தமிழகத்தின் தென்கோடியிலிருந்து வடபகுதிவரை இவர்கள் இருந்திருக்கிறார்கள்.

முதலில் கழுகுமலை. அங்கே போகிறவர்கள் முருகனைக் கும்பிட்டு, வெட்டுவான் கோயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். இன்னும் சற்று ஏறினால் பாறை முகத்தில் வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர்கள். பல உருவங்களின் அடியில் வட்டெழுத்தில் ஓரிரு வரி: யார் செய்வித்தது, எந்த ஊர், யாருடைய மாணாக்கர். உச்சி வெயிலில் எதுவும் தெரியாது. காலையில் வெயில் சாய்வாக விழும்போது எழுத்துகள் எழுந்து நிற்கும்.

கல்லூரி மாணவிகள் சிலரை ஒருமுறை அங்கே கூட்டிப்போயிருந்தேன். நால்கூர்க் குரத்தியின் மாணாக்கி இளநேச்சுரத்துக் குரத்தி செய்வித்த திருமேனி என்ற செய்தியைப் படித்துச் சொன்னேன். "அப்படின்னா சார், சொல்லிக்கொடுத்ததும் பொம்பளை, படிச்சு அடுத்த ஆசிரியை ஆனதும் பொம்பளையா?" என்று கேட்டாள் ஒருத்தி. ஆமாம், அதேதான்! மிழலூர், திருச்சாரணம் என்று ஊர்ப்பெயரோடு இன்னும் பல குரத்தியர் அந்தப் பாறையில் இருக்கிறார்கள். திருச்சாரணம் என்பது இன்றைய குமரி மாவட்டத்துச் சிதறால் மலை. அங்கிருந்து ஒரு குரத்தி கழுகுமலைக்கு உருவம் செய்வித்திருக்கிறார் என்றால், அந்தக் காலத்து நடைவழியை நினைத்துப் பாருங்கள். அதே சிதறாலில் குணந்தாங்கிக் குரத்தி, மலைமேலிருந்த பெண் தெய்வத்துக்குப் பொன் அணி கொடுத்திருக்கிறார்.

பெண் அந்தப் பிறவியிலேயே வீடுபேறு அடைய முடியாது என்பது திகம்பர சமணக் கொள்கை. அந்தச் சமயத்துக்குள்தான் இந்தப் பெண்கள் ஆசிரியர்களாக மதிக்கப்பட்டார்கள் என்பதை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வந்தவாசிப் பக்கம் வேடல். என் மனம் எப்போதும் போய் நிற்பது இங்கேதான். முதலாம் ஆதித்த சோழன் காலத்தது, ஏறத்தாழ 885ஆம் ஆண்டினது என்று கருதப்படும் ஒரு கல்வெட்டு. குணகீர்த்தி படாரரின் மாணாக்கி கனகவீரக் குரத்தியார். அவருக்கு மாணாக்கியர் 500 பேர்! ஏதோ ஒரு பூசல் மூள்கிறது. குரத்தியாரையும் அவர் மாணாக்கியரையும் காத்துச் சோறிடுவது எங்கள் பொறுப்பு என்று ஊரார் ஏற்கிறார்கள். ஐந்நூறு பேருக்கு நாள்தோறும் உணவு என்றால் எத்தனை கலம் நெல், எத்தனை அடுப்பு! அந்தச் சுமையை ஓர் ஊர் தன் தோளில் வாங்கியிருக்கிறது. கனகவீரக் குரத்தியார் எப்படிப் பேசினார், எதைக் கற்பித்தார் என்று கேட்க எனக்கு அவ்வளவு ஆசை.

நேரம் நெருங்கிவிட்டது. ஆர்க்காட்டுப் பக்கத்து விளாப்பாக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலாம் பராந்தகனின் 38ஆம் ஆட்சியாண்டில் அங்கே கிணறு வெட்டுவித்தவர், திருப்பான்மலை அரிட்டநேமி படாரரின் மாணாக்கி பட்டினிக் குரத்தியடிகள்.

அடுத்த முறை கழுகுமலைக்குப் போகும் நேயர்கள் காலையிலேயே ஏறுங்கள். எழுத்தின்மேல் எண்ணெயோ சுண்ணாம்போ பூசாதீர்கள், பிள்ளைகள் பெயர் கிறுக்கினால் தடுங்கள். பெண் குழந்தைகள் உடன் வந்தால், அந்த ஆசிரியைகளின் பெயரை வாய்விட்டுச் சொல்லிக் காட்டுவீர்கள் என்று நம்புகிறேன்.