ஆயில் என்ஜின் கிளம்பவில்லையா?



போன கோடையில் ஒரு வயலுக்குப் போயிருந்தேன். நெல் பால் பிடிக்கிற சமயம். மண் வெடிக்கத் தொடங்கிவிட்டது. வாய்க்கால் கரையிலே 5 குதிரைத்திறன் ஆயில் என்ஜினை அப்பாவும் மகனும் மாறி மாறிச் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

"காலையிலேருந்து சுத்துறோம் சார். தோள்பட்டை கழண்டு போச்சு" என்றார் பெரியவர்.

"நேற்று எப்படி ஐயா நின்றது?" என்று கேட்டேன்.

"டீசல் தீர்ந்து நின்னுச்சு. காலையிலே டேங்கை ரொப்பிட்டோம்" என்றார்.

கோளாறு அந்தப் பதிலிலேயே இருந்தது. டேங்க் காலியானபோது பைப்பில் காற்று புகுந்துவிட்டது. அதை வெளியேற்றியதும் என்ஜின் கிளம்பிவிட்டது.

டீசல் என்ஜினில் தீப்பொறி தரும் பிளக் கிடையாது. பிஸ்டன் காற்றை அழுத்தும்போது அது கடுமையாகச் சூடேறுகிறது. அந்தச் சூட்டில் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. ஆகவே டீசல், காற்று, அழுத்தம் என்ற மூன்றில் எது குறைந்தாலும் என்ஜின் கிளம்பாது.

எது குறைகிறது என்பதைப் புகைக்குழாய் சொல்லிவிடும். சுற்றும்போது புகையே இல்லையா? டீசல் உள்ளே போகவில்லை. வெள்ளைப் புகை வருகிறதா? டீசல் போகிறது, பற்றவில்லை.

புகை இல்லையென்றால் டேங்க் குழாய் திறந்திருக்கிறதா, டேங்க் மூடியின் காற்றுத் துளையில் மண் அடைத்திருக்கிறதா, பில்டர் சுத்தமா என்று வரிசையாகப் பாருங்கள். அப்புறம் காற்றை வெளியேற்றுங்கள். பில்டர் மேலுள்ள திருகைத் தளர்த்தினால் டீசல் நுரையோடு வரும். குமிழி நின்று டீசல் மட்டும் வழியும்போதே முடுக்கிவிடுங்கள். டீசல் பம்பிலும் இப்படியே செய்யுங்கள். கடைசியாக நாசில் பைப்பின் நட்டைச் சற்றே தளர்த்தி, என்ஜினை மெதுவாகச் சுற்றி, டீசல் வந்ததும் இறுக்குங்கள். நாசில் பீய்ச்சும் இடத்தில் விரலை வைக்கவே கூடாது. டீசல் தோலைத் துளைத்துவிடும்.

வெள்ளைப் புகை வந்தால் டீசலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். காற்று வடிகட்டியில் தூசி அடைத்திருந்தால் சுத்தம் செய்யுங்கள். பிறகு ஹேண்டிலை மெதுவாகச் சுற்றுங்கள். ஓரிடத்தில் அது கையை எதிர்த்துத் தள்ள வேண்டும். தடையில்லாமல் சுற்றினால் வால்வு சரியாக மூடவில்லை, அல்லது பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. அது மெக்கானிக் வேலை. நாம் அதற்குமேல் சுற்றுவது வீண்.

மூன்று எச்சரிக்கைகள். அவசரத்தில் காற்றுக் குழாயில் பெட்ரோல் ஊற்றாதீர்கள். ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வையுங்கள். என்ஜின் திருப்பி அடித்தால் கை தப்பும். கிணற்றுக்குள் என்ஜினை இறக்கி ஓட்டாதீர்கள். அந்தப் புகை ஆளையே கொல்லும்.

டீசலை எப்போதும் வடிகட்டி ஊற்றுங்கள். கால் டேங்க் இருக்கும்போதே மறுபடி நிரப்புங்கள். இந்த இரண்டு பழக்கமும் இருந்தால், பயிர் தண்ணீருக்கு ஏங்கும் நாளில் நீங்கள் ஹேண்டிலோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்காது.