உடம்பில் எரியும் நந்தாவிளக்கு

(ஜொகூரில் நடைபெற்ற ஆலய அன்பர்கள் ஒன்றுகூடலில், செயலவை உறுப்பினரான ஓய்வுபெற்ற ஆசிரியர் ஆற்றிய உரை)



தமிழ்ப்பள்ளியில் நீண்ட காலம் கணிதமும் அறிவியலும் போதித்தவன் நான். ஆகவே இன்றும் ஒரு கணக்குப் பாடத்தையே உங்கள்முன் வைக்கிறேன். அதற்குக் காரணம் உண்டு. சென்ற விரதக் காலத்தில் நம் மண்டபத்தில் ஓர் அம்மையார் மயங்கி விழுந்தார். உடல் இளைக்க வேண்டுமென்று பல நாளாக அரை வயிறு உண்டவர். அன்று உணவின்றி நீரிழிவு மாத்திரையை மட்டும் விழுங்கியிருந்தார். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்த பிறகே தெளிந்தார். "சும்மா உட்கார்ந்திருப்பவளுக்குச் சோறு எதற்கு, வாத்தியாரே?" என்றார். அன்று எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. படித்தறிந்து இன்று சொல்கிறேன்.

கருவறையின் நந்தாவிளக்கு, நடை சாத்திய பிறகும் எரிகிறது. அதற்கும் எண்ணெய் வேண்டும். நம் உடம்பும் அப்படித்தான். நாம் படுத்துக் கிடந்தாலும் இதயம் துடிக்கிறது, சிறுநீரகம் வடிகட்டுகிறது, மூளை விழித்திருக்கிறது. இதற்காகும் செலவே ஓய்வுநிலை வளர்சிதைமாற்ற வீதம். பெரும்பாலோருக்கு ஒரு நாளின் மொத்தச் செலவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இதற்கே போகிறது.

இதை அளக்க, இரவு முழுதும் உண்ணாதவரைக் காலையில் படுக்கவைத்து, அவர் உட்கொள்ளும் ஆக்சிஜனைக் கருவியால் கணிப்பார்கள். ஒரு லிட்டர் ஆக்சிஜனுக்கு ஏறத்தாழ 5 கிலோகலோரி. கருவி இல்லாதவர்களுக்கு 1990ஆம் ஆண்டில் மிஃப்ளின், செயின்ட் ஜியோர் முதலிய ஆய்வாளர்கள் வெளியிட்ட சூத்திரம் இருக்கிறது. எடையை (கிலோகிராம்) 10ஆலும், உயரத்தை (சென்டிமீட்டர்) 6.25ஆலும் பெருக்கிக் கூட்டுங்கள். அதிலிருந்து வயதின் ஐந்து மடங்கைக் கழியுங்கள். பிறகு ஆண்கள் 5 கூட்டவேண்டும். பெண்கள் 161 கழிக்கவேண்டும்.

65 வயது, 60 கிலோ, 155 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு பெண்மணிக்குப் போட்டுப் பார்ப்போம். 600உடன் 969ஐக் கூட்டினால் 1569. அதில் 325உம் 161உம் கழிந்தால் 1083 கிலோகலோரி. சும்மா இருப்பதற்கே இவ்வளவு! வீட்டோடு இருப்பவர் இதை 1.3ஆல் பெருக்கினால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1400 வரும்.

ஆனால் சூத்திரம் வேதவாக்கு அன்று. சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியில் பணியாற்றிய எலினார் மேசன், பெனடிக்ட் என்ற அறிஞருடன் சேர்ந்து 1931இல் தென்னிந்தியப் பெண்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். அவர்களின் வீதம் அமெரிக்க அளவுகோலைவிடக் குறைவாக இருந்தது. நம் நாட்டிலும் 1998இல் வெளியான ஓர் ஆய்வு, உலக அமைப்புகளின் 1985ஆம் ஆண்டுச் சூத்திரங்கள் மலேசியர்களுக்குச் சராசரியாக ஆண்களில் 13 விழுக்காடும் பெண்களில் 9 விழுக்காடும் கூடுதலாகக் கணிப்பதைக் காட்டியது. எனவே கிடைக்கும் எண்ணை மதிப்பீடாகவே கொள்ளுங்கள்.

"நாற்பது வயதானாலே உடம்பு மந்தமாகிவிடும்" என்போம். 2021இல் வெளியான பன்னாட்டு ஆய்வு, உடலமைப்பைக் கணக்கில் கொண்டால் 20 முதல் 60 வயது வரை இந்த வீதம் பெரிதும் மாறுவதில்லை என்றும், அதன் பிறகே மெல்லக் குறைகிறது என்றும் சொல்கிறது. நாற்பதில் தொப்பை விழுந்தால் பழியை வயதின்மீது போடமுடியாது. நான் என் தட்டையும் நாற்காலியையும்தான் குறை சொல்லவேண்டும்!

அன்பர்களே, 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி நம் நாட்டு இந்தியர்களில் பெரியவர்கள் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. மிகையாக உண்பதும் தவறு. திடீரென்று பட்டினி கிடப்பதும் தவறு. பட்டினியில் தசை கரையும், விளக்கின் சுடரும் தாழும். மாத்திரை உண்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் விரதம் தொடங்காதீர்கள். அன்றாடம் நடந்து, தசையைப் பேணுங்கள்.

நம் அன்னதானத்திற்கும் ஒரு வேண்டுகோள். சோற்றுக் கரண்டியைச் சற்றுச் சிறிதாக்கி, காய்கறியையும் பருப்பையும் கூட்டுவோம். முதியோரையும் நோயாளிகளையும் வரிசையில் காக்கவைக்காமல் முதல் பந்தியில் அமர்த்துவோம்.

அந்த அம்மையாருக்கு என் விடை இதுதான்: "அம்மா, நீங்கள் ஒருநாளும் சும்மா இருப்பதில்லை. உள்ளே விளக்கு எரிகிறது. அளவாக எண்ணெய் ஊற்றுங்கள்."