வீட்டுச் சேவையகத்திற்கு ஒரு முகப்பு

வீட்டிலுள்ள சிறு கணினியொன்றைச் சேவையகமாக்கி, நிழற்படம், இசை, கோப்புகள் ஆகியவற்றுக்குத் தனித்தனிச் சேவைகளை நடத்துவோர் இன்று பலர். ஒவ்வொன்றுக்கும் ஒரு போர்ட் எண் உண்டு. அவற்றையெல்லாம் வீட்டார் நினைவில் வைத்தல் அரிது. ஆகவே, டாஷ்போர்டு என்னும் முகப்புப் பலகை வேண்டப்படுகிறது.

ஹெய்ம்டால் தன் விவரங்களைத் தரவுத்தளத்தில் வைக்கிறது, உலாவியிலேயே திருத்தலாம். ஹோம்பேஜ், சேவைகளின் நிலையைக் கேட்டறிந்து காட்டும். அதற்குப் பல சேவைகளின் இரகசியத் திறவுகோல்களை அதனிடம் ஒப்படைத்தல் வேண்டும். ஹோமரோ நிலையான பக்கம். யாம்ல் கோப்பொன்றில் பெயரும் முகவரியும் எழுதினால் போதும்.

பராமரிப்புக்கு நேரமில்லாதவர்க்கு நான் பரிந்துரைப்பது ஹோமரே. வட்டு பழுதாயினும், படியெடுத்து வைத்த அக்கோப்பு பலகையை மீட்டுத் தரும். எதனையும் சேர்க்குமுன், அது பழுதுற்றால் சீர்செய்பவர் யார் என்று கேளுங்கள்.