அந்த ரெண்டு முழம் மல்லி



இந்த வாசகர் வட்டக் கூட்டத்துல எனக்குக் கொடுத்த தலைப்பு 'தன்னை நேசிப்போம்'. நோட்டீஸ் அடிச்ச தம்பி தலைப்பைத்தான் பெருசாப் போட்டிருக்கார். எனக்கு அதுக்கு மேல இருக்கிற ஊர்ப் பேர்தான் பெருசாத் தெரியுது. படப்பை! சங்கத் தமிழ்ல படப்பைன்னா வீட்டை ஒட்டின தோட்டம். வாசல் ஊராருக்கு, கொல்லை நமக்கு. யாரும் பார்க்காட்டியும் அங்கே நம்ம கொடி பூக்கும்.

இன்னிக்கு அந்தத் தோட்டத்துல என்ன முளைச்சிருக்கு? 'வீடு வாடகைக்கு. ஃபேமிலிக்கு மட்டும்.' ஏங்க, தனியா இருக்கிறவன் என்ன ஆகாயத்துல இருந்து விழுந்தவனா? எனக்கு 54 வயசு. கல்யாணம் பண்ணிக்கல. வீடு தேடி இந்தப் பக்கம் பதினோரு படி ஏறியிருப்பேன், பதினஞ்சு கூட இருக்கும். ஒரு வீட்டுல ஓனரம்மா அட்வான்ஸ் வாங்கி மடியில முடிஞ்சாச்சு. "உங்க வீட்டுக்காரம்மா எப்ப வருவாங்க?" "வரமாட்டாங்கம்மா, அப்படி ஒருத்தர் இல்ல." முடிச்சை அவிழ்த்து பணத்தை என் கையில வச்சுட்டாங்க. சிரிக்காதீங்க, அன்னிக்கு ராத்திரி நான் சிரிக்கல.

ஆனா நான் ஆம்பளை, தப்பிச்சுக்குவேன். காமராஜர் கல்யாணம் பண்ணிக்கல, தியாகம்னோம். அப்துல் கலாம் பண்ணிக்கல, தவம்னோம். பக்கத்து வீட்டுப் பொண்ணு பண்ணிக்கலன்னா? "பாவம்"ங்கிறோம்!

போன வாரம் இன்னொரு மேடையில ஒருத்தர் பேசியிருக்கார். பேர் சொல்ல மாட்டேன், விளம்பரம் ஆயிடும். முப்பது தாண்டின பொண்ணு பூக்காத மரமாம். ஐயா, 1968 உலகத் தமிழ் மாநாட்டுக்கு மெரினாவுல ஔவைக்குச் சிலை வச்சோமே, அந்தம்மா வீட்டுக்காரர் பேர் என்ன? கேட்டுச் சொல்லுங்க!

கைதட்டல் போதும், விசயத்துக்கு வரேன். விசயம் ஒரு பொண்ணு. விழுப்புரம் பக்கம். ஒரகடத்துல வேலை. ஒருநாள் சாயங்காலம் கம்பெனி பஸ் நின்னுது, கழுத்துல பேட்ஜோட இறங்கி, நேரா நம்ம பூக்காரம்மாகிட்ட ரெண்டு முழம் மல்லி கேட்டுச்சு. "யாருக்கும்மா, ஊர்லேருந்து பொண்ணு பார்க்க வராங்களா?" "இல்லக்கா, எனக்குத்தான்." அவ்வளவுதான். பக்கத்து டீக்கடையில நின்ன நான் டீ கிளாஸைக் கீழ வச்சுட்டேன். லைன்ல தலைக்குத் தொப்பி, பூ வைக்க முடியாது. ராத்திரி ரூம்ல குளிச்சுட்டு வச்சுக்குமாம், மிச்சத்தை எவர்சில்வர் டம்ளர்ல தண்ணி ஊத்திப் போட்டுத் தலைமாட்டுல வைக்குமாம். 'எனக்குத்தான்'! இந்த ஒரு சொல்லுக்கு நான் எத்தனை புத்தகம் புரட்டியிருக்கேன்!

இந்தப் பொண்ணு மாதிரி கம்பெனியில வேலை பார்க்கிற 18,720 பொண்ணுங்க தங்க வல்லம் வடகால்ல 2024 ஆகஸ்ட்ல ஹாஸ்டல் திறந்தாங்க. நல்ல காரியம், பாராட்டுறேன். ஆனா அதுக்கு முன்னாடி 2021 டிசம்பரை மறந்துடாதீங்க. கம்பெனிப் பொண்ணுங்க விடுதிச் சோறு ஒத்துக்காம ஆஸ்பத்திரிக்குப் போனாங்க, கூட வேலை பார்த்த பொண்ணுங்கதான் பெங்களூர் ரோட்டுல வந்து உட்கார்ந்தாங்க. அண்ணன் வரட்டும், அப்பா வந்து கேட்கட்டும்னு காத்திருக்கல. என் உடம்பு, என் சோறு, நான் கேட்கிறேன். தன்னை நேசிக்கிறதுன்னா கண்ணாடி பார்த்துக்கிட்டு நிக்கிறதில்லீங்க.

இதுக்கு ஏற்கெனவே பேர் வச்சாச்சு, சுயமரியாதைன்னு. 1929 பிப்ரவரி, செங்கல்பட்டுல சுயமரியாதை மாகாண மாநாடு. அப்ப நாமளும் செங்கல்பட்டு ஜில்லாதான். பெண்ணுக்குச் சொத்துல சம பங்குன்னு தீர்மானம் போட்டது பெரியாரோட அந்த மாநாடு. சட்டம் வர அறுபது வருசம், 1989. அதுலயும் ஒரு வேடிக்கை. அதுக்கு முன்னாடியே கட்டிக்கொடுத்த பொண்ணுக்கு அந்தச் சட்டத்துல பங்கு கிடைக்கல, கழுத்துல தாலி ஏறாத பொண்ணுக்குத்தான் கிடைச்சுது! அன்னிக்கு எத்தனை 'பாவம்' ஒரே ராத்திரியில பங்காளி ஆயிட்டா பாருங்க!

சீட்டு வந்துடுச்சு, நேரமாச்சாம். தம்பி, பொன்னாடையை மடிச்சு வைங்க, ஒத்தை ஆளுக்கு ஏற்கெனவே பதினேழு இருக்கு.

பூக்காரம்மா இங்கதான் இருக்காங்களா? யக்கா, அந்தப் பொண்ணுக்கு இந்த வாரம் செகண்ட் ஷிப்ட். பஸ் வர்றதுக்குள்ள நீங்க கடை கட்டிடுவீங்க. ரெண்டு முழம் வாழை இலையில சுத்தி டீக்கடைக் கம்பியில மாட்டிட்டுப் போங்க. காசு நான் தரமாட்டேன். அது நாளைக்கு வந்து கொடுக்கும்.