சொந்த மண்ணா, வந்த மண்ணா?



சென்னையில் பாடியிலிருந்து அம்பத்தூர், ஆவடி வழியாகப் போகும் சி.டி.எச். சாலையில் நம்மில் பலர் தினமும் பஸ்ஸில் போய்வருகிறோம். திருவள்ளூர் தாண்டி அதே வழியில் போனால் திருப்பதி. அங்கே ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தில் புவியியல் ஆய்வாளராக இருந்தவர் இ.ஏ.வி. பிரசாத். அவர் தேடிப் போனது கரையான் புற்றுகளை.

ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருகத் சம்ஹிதையில், நிலத்தடி நீருக்குப் புற்று ஓர் அடையாளம் என்று வருகிறது. ஈரத்தைத் தேடி ஆழத்துக்கு இறங்கும் கரையான், அடிமண்ணையும் மேலே கொண்டுவருகிறது. அப்படியானால் கீழே தாது இருக்கிறதா என்பதையும் புற்று மண் சொல்லுமே! 1980களில் பிரசாத்தும் கூட்டாளிகளும் தங்கத்தைத் தேடவும் புற்று உதவும் என்று எழுதினார்கள். கேலி பேச வேண்டாம். போட்ஸ்வானாவில் ஜ்வானெங் வைரப் பாறை கலஹாரி மணலுக்கடியில் மறைந்து கிடந்தது. 1970களில் அது அகப்பட உதவியவை, கரையான்கள் மேலே கொண்டுவந்து போட்ட கனிமத் துகள்கள்தான்.

புற்று இல்லாத இடத்தில் மனிதர்தான் தோண்ட வேண்டும். இலைக்குப்பை கலந்த மேல்மண்ணை ஒதுக்கிவிட்டு, அதற்குக் கீழே களியும் இரும்பும் சேர்ந்த செம்மண் அடுக்கிலிருந்து ஒரு பிடி எடுப்பார்கள். பாறையிலிருந்து கரைந்து வரும் உலோகம் அதில்தான் ஒட்டிக்கொள்ளும். உலர்த்தி, நுண்ணிய சல்லடையில் சலித்து, பையில் எண் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். பிறகு சில பத்து மீட்டர் தள்ளி அடுத்த குழி. சாதாரண மண்ணில் டன்னுக்கு 20, 30 கிராம் செம்பு இருக்கும். வரிசையாகச் சில குழிகளில் மட்டும் அது பல மடங்கு ஏறினால் அங்கே துளையிட்டுப் பார்க்கலாம். நம் மாநிலத்திலும் செம்பு, ஈயம், துத்தநாகம் கலந்த தாது உண்டு. விழுப்புரம் பக்கம் மாமண்டூரில் இருப்பது அரசுக் கணக்கிலேயே ஏறியிருக்கிறது.

சரி, அம்பத்தூரில் குழி தோண்டினால்? உலோக அளவு ஏறத்தான் செய்யும். ஆனால் தாதுவால் அல்ல. 1960களிலிருந்து தொழிற்பேட்டை இருக்கும் ஊர் இது. முலாம் பூசும் பட்டறைக் கழிவு போய்ச் சேர்ந்த மண்ணில் குரோமியம், நிக்கல், துத்தநாகம் கூடியிருக்கும். பெட்ரோலில் ஈயம் கலப்பது 2000-இல்தான் நின்றது. சாலையோர மண் அதை அவ்வளவு சீக்கிரம் மறக்காது.

இன்னொரு வில்லங்கமும் உண்டு. சென்னைக்கு மேற்கே பெரும்பகுதி, ஆறுகள் எங்கிருந்தோ அடித்துவந்து போட்ட வண்டல். கீழே உள்ள பாறைக்கும் அதற்கும் உறவு குறைவு. அதன்மேல் நாம் வேறு மனைக்கு மனை லாரி லாரியாகச் சவுடு கொட்டி மேடாக்கியிருக்கிறோம். பூந்தமல்லியில் ஒரு கொல்லையில் மண் எடுத்துச் சோதித்தால், அது சவுடு வெட்டிய ஏரியின் சரித்திரத்தைத்தான் சொல்லும்.

ஆகவே, எந்திரத்தில் அளப்பதைவிட, எந்தக் குழி வேண்டாம் என்று ஒதுக்குவதில்தான் புவியியலாளரின் திறமை இருக்கிறது என்பேன். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 2001 முதல் நாடு முழுவதையும் கட்டம் கட்டமாகப் பிரித்து, முக்கியமாக ஓடை வண்டலைச் சேகரித்து, அறுபதுக்கு மேற்பட்ட தனிமங்களை அளந்து வரைபடம் போட்டுவருகிறது. தாது தேடுபவருக்குப் பயன்படும் அதே வரைபடம், மண் எங்கே கெட்டிருக்கிறது என்று பார்ப்பவருக்கும் பயன்படும்.

தொழிற்பேட்டைப் பக்கம் குடியிருந்து கொல்லையில் கீரை போடும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. வேளாண் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் பொதுவாகப் பயிருக்கு வேண்டிய சத்துகளைத்தான் பார்ப்பார்கள். ஈயமும் குரோமியமும் தெரிய வேண்டுமானால், அவற்றைச் சோதிக்கும் ஆய்வகம் எது என்று தனியாக விசாரித்து மண்ணைக் கொடுங்கள். அடுத்த முறை சவுடு லாரி வாசலில் வந்து நின்றால், விலை பேசுவதற்கு முன் எந்த ஏரி மண் என்று கேளுங்கள்.